நான் பார்க்காமல் போன இலங்கை ஆட்டம்

அணித் தொடர்பாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் எல்லாம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வெளிநாட்டு அணியை விமான நிலையத்தில் வரவேற்பது, அறைச் சாவி, பஸ், சாப்பாடு, பயிற்சிக்கு இடம், கடைசியில் பத்திரமாக விமானம் ஏற்றிவிடுவது. அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்துகொண்டே பல வருடம் இந்த வேலையையும் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கழுத்தில் ஒரு அடையாள அட்டையும் ஒரு விசிலும் தவிர வேறு அதிகாரம் எதுவும் இல்லாத வேலை இது. ஆனால் ஏதாவது கோளாறு என்றால் எல்லாரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்போது என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தஞ்சாவூரில் நான்கு நாட்டுப் பெண்கள் அணிகள் ஆடிய ஃபுட்சால் நட்புறவுப் போட்டி உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஃபுட்சால் என்றால் உள்ளரங்கத்தில் பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் கால்பந்து. எங்கள் ஊருக்கு அது புதுசு. ஹோட்டல்காரர் ஒருவர், "மேடம், மிச்சம் ஆறு பேரு எப்ப வருவாங்க?" என்று என்னிடமே கேட்டார். எனக்கு ஒப்படைக்கப்பட்டது இலங்கை அணி.

வந்த முதல் நாளே வரவேற்பு விழா. நாதஸ்வரம், தலையாட்டி பொம்மை, சால்வை எல்லாம் இருந்தது. மேடையில் பேசுவதற்கு ஏகப்பட்ட பேர். பிள்ளைகள் விடியற்காலை விமானம் பிடித்து, திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து, வாயில் ஒன்றும் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது பேச்சாளர் ராஜராஜ சோழனை ஆரம்பித்தபோது ஒரு பெண் பக்கத்திலிருந்தவள் தோளில் சாய்ந்துவிட்டாள். நான் எழுந்துபோய், பேச்சாளர் காதில், "ஐயா, மருத்துவப் பரிசோதனைக்கு நேரமாச்சு" என்றேன். அவர் மைக்கிலேயே அதை அறிவித்தார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் இட்லி வாங்கிக் கொடுத்தேன். அமைப்புச் செயலாளருக்கு என்மேல் கோபம். மேடையில் இருப்பவர்களின் கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். பசியோடு ஆடிய பெண்ணுக்குக் கால் பிசகினால் ஒரு வருடம் போய்விடும். எந்தப் பக்கம் நிற்பது என்று யோசிக்கவே வேண்டாத சங்கடம் அது. எல்லாச் சங்கடமும் அப்படி இருப்பதில்லை.

இந்தியாவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தன்று காலையிலிருந்தே எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. ஐப்பசி மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. முந்தின நாள் இரவு கடலில் பலமான காற்று என்று செய்தி. காலையில் இன்னொரு செய்தி: தமிழ்நாட்டு விசைப்படகு ஒன்றை இலங்கைக் கடற்பரப்பில் பிடித்துவிட்டார்கள். எந்த ஊர்ப் படகு, எத்தனை பேர், ஒன்றும் இல்லை. நான் பட்டுக்கோட்டைக்காரி. அங்கிருந்து தென்கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கடல். அந்தக் கடலோர ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு நான் கோ-கோ சொல்லிக்கொடுத்திருக்கிறேன். செய்தியைப் படித்ததும், இது எங்கே போய் முடியப்போகிறதோ என்று தோன்றியது. டிரைவரிடம் சொல்லி வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே பஸ்ஸை எடுக்கச் சொன்னேன்.

அப்படியும் மாட்டிக்கொண்டோம். உள்விளையாட்டரங்கத்தின் கேட்டுக்குச் சற்று முன்னால் பஸ் நின்றது. ரோட்டின் குறுக்கே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருபது முப்பது பேர் இருக்கும். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, ஈரத் தாரில், சம்மணம் போட்டு. சத்தம் இல்லை, கோஷம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் பஸ் படியில் ஏறினார். முகமெல்லாம் வியர்வை.

"மேடம், கடலோரத்துப் பொம்பளைங்க. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்க வந்தவங்க. இங்க இலங்கை டீம் ஆடுதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க, வந்து உக்காந்துட்டாங்க. நீங்க வண்டியத் திருப்புங்க. வெண்ணாத்தங்கரை ரோட்ல சுத்திப் போய் பின் கேட்டால உள்ள விட்டுடறேன்."

அந்தக் கரை ரோடு எனக்குத் தெரியும். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல். குறுவை அறுப்பு முடிந்து ரோட்டில் பாதி வரைக்கும் நெல்லைக் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பார்கள். எதிரே ஒரு டிராக்டர் வந்தால் எங்கள் பஸ் பின்னால்தான் வரவேண்டும். பஸ் திரும்புவதைப் பார்த்தவுடன் இந்தப் பெண்கள் எழுந்து பின் கேட்டுக்கு ஓடிவருவார்கள். அங்கே நெரிசலில் ஒருத்தி ஆற்றில் விழுந்தால்? பஸ்ஸுக்குள் இருந்த பிள்ளைகள் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் செருப்பைக் கழற்றி ஷூவை மாட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஓட வேண்டியிருக்கும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

"கொஞ்சம் பொறுங்க சார். நான் பேசிட்டு வர்றேன்" என்று சொல்லி இறங்கினேன்.

இறங்கியபோது என்ன பேசப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் தெரிந்ததுபோல் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை. ஒன்று மட்டும் செய்தேன். அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அதில் இலங்கைக் கொடி அச்சடித்திருந்தது.

முன்வரிசையில் இருந்த பெண் என்னை உற்றுப் பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் காய்ந்த முகம்.

"பட்டுக்கோட்டை ஸ்கூல் விளையாட்டு டீச்சர்தான நீங்க? எம் மக கலாவதி உங்ககிட்ட படிச்சா."

அந்தப் பெண் பெயர் பாக்கியம். கலாவதியை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நான் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தேன்.

"பாக்கியம், பஸ்ஸுல இருக்குறது எல்லாம் சின்னப் பொண்ணுங்க."

"தெரியும் டீச்சர். அதுங்கள நாங்க என்ன செய்யப்போறோம்? எங்க படகு போச்சு, இன்னும் வரல. ராத்திரி அந்தக் காத்து. டிவியில ஒரு படகப் புடிச்சிட்டாங்கங்குறான். எங்க படகத்தான் புடிச்சாங்களா, இல்ல எங்க படகு…" அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "கலெக்டர் ஆபீஸ்ல தகவல் வரட்டும் வரட்டும்னு சொல்றாங்க. அந்த ஊருக்காரங்க இங்க இருக்காங்கன்னு சொன்னாங்க. அவங்கள விட்டுக் கேட்டுச் சொல்லுங்க. புடிச்சு வச்சிருந்தாலும் பரவால்ல டீச்சர். உசுரோட இருக்காங்களான்னு மட்டும் தெரியணும்."

அவளுக்குப் பக்கத்தில் ஒரு இளம் பெண் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் அமுதா என்று பிறகு தெரிந்தது. படகில் போனவர்கள் ஏழு பேர். இரண்டு பேர் பாக்கியத்தின் வீட்டு ஆட்கள், கணவரும் கொழுந்தனாரும். ஒருவர் அமுதாவின் கணவர் ராசு.

பிடிபட்டிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்ளும் பெண்களை நான் அதுவரை பார்த்ததில்லை.

பஸ்ஸுக்குத் திரும்பிவந்து பயிற்சியாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். சிங்களக்காரர், அமைதியான மனிதர், என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். அவர் பதில் சொல்வதற்குள் பின்சீட்டிலிருந்து தர்சினி எழுந்து வந்தாள். அணியின் கோல் கீப்பர். பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்கரைப் பெண். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அக்கா, நான் இறங்கிக் கதைக்கட்டே?"

"வேண்டாம்மா."

"ஏன்? எனக்குத் தமிழ் தெரியும்தானே?"

தமிழ் தெரியும் என்பதுதான் என் பயம். கோபத்தில் யாராவது ஒரு வார்த்தை விட்டால் இவளுக்கு முழுசாகப் புரியும். இவளும் பதில் சொல்லக்கூடியவள். மற்ற பிள்ளைகளுக்கு மொழி புரியாததே ஒரு பாதுகாப்பாக இருந்தது, இவளுக்கு அது இல்லை. அவளை நிறுத்தியதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

அவள் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அப்பாட்டக் கேக்கலாம்" என்றாள். "பிடிக்கிற படகுகளை எங்கட துறைக்குக் கிட்டத்தான் கொண்டந்து கட்டுறவை. அப்பாவுக்கு அங்க எல்லாரையும் தெரியும்."

ஆட்டத்துக்கு முன் பிள்ளைகளின் போனை மேலாளர் வாங்கி வைத்துவிடுவார். அது அணியின் விதி. நான் பயிற்சியாளரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், அப்புறம் தர்சினியைப் பார்த்தார். "உன்னால் இதற்குப் பிறகும் ஆட முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "யெஸ் சேர்" என்றாள். "அப்படியானால் கூப்பிடு. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கக் கூடாது" என்றார். என்னிடம் அவர் எதுவும் விளக்கவில்லை. ஒரு பயிற்சியாளர் தன் கோல் கீப்பரை ஆட்டத்துக்கு முன் அப்படிப்பட்ட ஒரு போன் பேச விடுவது சின்ன விஷயம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

என் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டோம். ஸ்பீக்கரில் போட்டு, "நான்தான் அப்பா" என்றாள்.

"என்ன பிள்ளை? மாட்ச் இருக்கெல்லே இண்டைக்கு?"

"இன்னும் தொடங்கேல்ல அப்பா. இஞ்ச இருந்து வந்த படகு ஒண்டு பிடிச்சவையாமே? கொண்டந்து கட்டியிருக்கினமோ?"

"றோலரோ? ஓம், கட்டிக் கிடக்கு. ஏன் கேக்கிறாய்?"

றோலர் என்று அவர்கள் சொல்வது இங்கிருந்து போகும் விசைப்படகுகளை. மடிவலையைக் கடலடியில் இழுத்துக்கொண்டு போவதால் ஆங்கிலத்தில் 'ட்ராலர்', அதுதான் றோலர்.

"அதில வந்தவை உயிரோட இருக்கினமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ அப்பா. ஏழு பேராம்."

அவர் குரல் மாறியது.

"பிள்ளை, போன கிழமை எங்கட வலையத்தனையும் அள்ளிக்கொண்டு போனவங்கள் ஆர் எண்டு உனக்குத் தெரியுமெல்லே?"

"தெரியும் அப்பா."

"தெரிஞ்சுகொண்டுதான் கேக்கிறியோ?"

"அவையின்ர மனுசிமார் மழைக்க றோட்டில இருக்கினம் அப்பா. நான் பஸ்ஸுக்க இருந்து பாத்துக்கொண்டு இருக்கிறன்."

"வை. போய்ப் பாத்திட்டு எடுக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தர்சினி போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து கையுறையைப் போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

இதற்குள் அமைப்புச் செயலாளர் ஓயாமல் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "மேடம், பார்வையாளர்கள் உள்ள நிரம்பியாச்சு. நீங்க வரலன்னா எதிரணிக்கு வெற்றின்னு அறிவிக்க வேண்டிவரும். நாடு நாடாப் பேரு கெட்டுப்போகும்." நான் அவர் போனைக் கட் செய்துவிட்டேன். அந்த ஒரு போனில்தான் தர்சினியின் அப்பா கூப்பிட வேண்டும். அதில் சார்ஜும் குறைந்துகொண்டே வந்தது.

இந்த இடத்தில் நான் எடுத்த முடிவைப் பற்றிப் பல பேர் என்னிடம் விவாதம் செய்திருக்கிறார்கள். அணியை விட்டுப் பிரியக் கூடாது என்பது நம் வேலையின் முதல் விதி. நான் பிரிந்தேன். பாக்கியத்திடம் திரும்பிப்போய்ச் சொன்னேன்:

"பாக்கியம், அந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தியோட அப்பா கரையிலதான் இருக்கார். பாக்கப் போயிருக்கார். இந்த போனுக்குத்தான் கூப்பிடுவார். பஸ்ஸை உள்ள விடுங்க. நான் உள்ள போகல. உங்களோட இங்கயே உக்காந்துக்குறேன். தகவல் வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

"அவங்க உள்ள போனதும் நீங்களும் போயிட்டா?"

"எங்க போவேன்? பட்டுக்கோட்டையில என் வீடு எங்கன்னு கலாவதிக்குத் தெரியும்."

பாக்கியம் பின்னால் திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். அவள் கையை ஊன்றி எழுந்து ஓரமாக நகர்ந்தாள். மற்றவர்களும் நகர்ந்தார்கள். பஸ் மெதுவாகக் கடந்தபோது ஒரு கை கூட ஓங்கவில்லை. கேட் மூடியது. நான் சேலையைச் சுருட்டிக்கொண்டு ஈர ரோட்டில் உட்கார்ந்தேன்.

உள்ளே இருந்து ஒலிபெருக்கிச் சத்தம். தேசிய கீதங்கள். பிறகு விசில். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதை வெளியே சத்தத்தை வைத்து ஊகிப்பது போன்ற அவஸ்தை வேறு இல்லை. கூட்டம் ஒருமுறை 'ஓ' என்றது. கோலா, தவறிய கோலா, யார் அடித்தது, ஒன்றும் புரியாது. என் பிள்ளைகள் உள்ளே. யாருக்காவது அடிபட்டால் கூப்பிட்டுச் சொல்ல ஆள் இல்லை. இன்னொரு பக்கம் போன் கருப்பாகக் கிடக்கிறது. இன்ஸ்பெக்டர் ஒரு பெண் காவலரை ஜீப்புக்கு அனுப்பிச் சார்ஜரை எடுத்துவரச் சொல்லி, பக்கத்து டீக்கடையிலிருந்து நீள வயர் இழுத்துக் கொடுத்தார். அவர் நல்ல மனிதர். அவரையும் மேலிருந்து யாரோ போனில் பிடுங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

போன் அடித்தபோது எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். நான் ஸ்பீக்கரில் போடவில்லை. இதைக் கவனியுங்கள். என்ன வரப்போகிறது என்று தெரியாத செய்தியை முதலில் ஒருவர் தனியாகக் கேட்க வேண்டும்.

"ஆர் கதைக்கிறது? பிள்ளை எங்க?"

"உங்க பொண்ணு ஆடப்போயிட்டா ஐயா. நான் அவங்களோட டீச்சர் மாதிரி. என்கிட்டச் சொல்லுங்க."

"ஆறு பேரைக் கண்டனான் டீச்சர். தள்ளி நிண்டுதான் கதைச்சனான். பேர் சொல்லுறன், பிடியுங்கோ." சொன்னார். பாக்கியத்தின் கணவர் பெயர் இருந்தது. கொழுந்தனார் பெயர் இருந்தது. ராசு இல்லை.

"இன்னொருத்தர் இருக்கணுமே ஐயா?"

"ஓராளை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனவையாம். பேர் தெரியேல்ல. காயமோ வருத்தமோ எண்டும் ஒருத்தரும் சொல்லினமில்ல."

"போய்ப் பார்க்க முடியுமா?"

அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "பாப்பம்" என்றார்.

போனை இறக்கினேன். இன்ஸ்பெக்டர் என் பக்கத்திலேயே நின்றதால் அவருக்குப் பாதி விளங்கியிருந்தது. குனிந்து ரகசியமாக, "எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு சொல்லிடுங்க மேடம். கூட்டம் கலைஞ்சுடும். அந்தப் பொண்ணும் நிம்மதியா வீடு போய்ச் சேரும். காலையில பாத்துக்கலாம்" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் ஒரு கணம் அது சரி என்று பட்டது. அமுதாவின் முகத்தைப் பார்த்தவர்கள் யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் காலையில் வேறு செய்தி வந்தால்? அவள் நிம்மதியாகத் தூங்கிய அந்த ஒரு இரவை வாழ்க்கை முழுக்க மன்னிக்க மாட்டாள். தன்னையும்தான், என்னையும்தான்.

ஆறு பெயர்களையும் சத்தமாகச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு இடத்திலிருந்து அழுகை கிளம்பியது. பாக்கியம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அமுதா மட்டும் அடுத்த பெயருக்காக என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அமுதா, இன்னொருத்தரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க. அது ராசுவாத்தான் இருக்கணும். எப்படி இருக்கார்னு எனக்குத் தெரியாதும்மா. அந்தப் பொண்ணோட அப்பா பாக்கப் போறார்."

"உசுரு இருக்கா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா எதுக்குச் சொல்றீங்க? எதுக்கு எங்கிட்டச் சொன்னீங்க?" என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பெண் காவலர் ஓடிவந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவள் உலுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் ஆறுதல் கிடைக்கும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் நம்பாதீர்கள். அன்று யாருக்கும் ஆறுதல் கிடைக்கவில்லை.

தங்கள் ஆள் உயிரோடு இருப்பது தெரிந்த பெண்கள் யாரும் தாங்கள் வந்திருந்த வேனுக்குப் போகவில்லை. அமுதாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தூறல் வலுத்தது. டீக்கடைக்காரர் தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து பிடித்தார். உள்ளே இடைவேளை விசில் கேட்டது. பிறகு ஆட்டம் மறுபடி ஆரம்பித்தது. ஒருமுறை அரங்கமே அதிர்கிற மாதிரி கத்தினார்கள். உள்ளூர்க் கூட்டம் அப்படிக் கத்தினால் இந்தியா கோல் போட்டிருக்கும். அப்படியானால் தர்சினி விட்டுவிட்டாள். அவள் மனசு எங்கே இருந்ததோ.

மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை அவர் மூச்சு வாங்கப் பேசினார்.

"கண்டிட்டன் டீச்சர். ராசு எண்டுதான் பேர். கம்பி வெட்டிக் காலில தையல் போட்டிருக்கு. வேற ஒண்டும் இல்ல. காவலுக்கு நிக்கிறவை போனைக் குடுக்க விடேல்ல. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கிறார். மனுசிட்ட ஒண்டு சொல்லச் சொன்னவர்."

"என்னன்னு?"

"ஆட்டை விக்க வேண்டாமாம்."

அதை அப்படியே அமுதாவிடம் சொன்னேன். அவள் ஒரு நிமிடம் விழித்தாள். பிறகு, "அய்யோ, அந்தாளு! அந்தாளுதான்!" என்று சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு அழுகையாகி, பாக்கியத்தின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வீட்டு ஆட்டை விற்பதைப் பற்றி இருவருக்கும் சண்டையாம். அந்தச் சண்டையோடுதான் அவன் கடலுக்குப் போயிருக்கிறான். அப்படிச் சொல்லி அனுப்ப ராசுவைத் தவிர இந்த உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

ஆட்டம் முடிந்தபோது எங்கள் அணி ஒரு கோலில் தோற்றிருந்தது. தர்சினி நன்றாகவே தடுத்தாளாம், கடைசியில் ஒன்றுதான் கைமீறிப் போனதாம். எல்லாரும் என்னிடம் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

கேட் திறந்து பஸ் வெளியே வந்தது. பெண்கள் ஓரமாக நின்றார்கள். பாக்கியம் என்னிடம், "அந்தப் புள்ளைய ஒரு தடவ பாக்கணும் டீச்சர்" என்றாள். மறுபடி ஒரு முடிவு. முன்பு வேண்டாம் என்று நான் தடுத்தது இப்போதும் பொருந்துமா? ஆட்டம் முடிந்துவிட்டது, கோபம் வடிந்துவிட்டது, கேட்பது அவர்கள். பஸ்ஸில் ஏறித் தர்சினியிடம், "உனக்கு விருப்பம்னா மட்டும்" என்றேன். பயிற்சியாளர் தலையசைத்தார். அவள் ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

பாக்கியம் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நல்லா இரு தாயி. உங்க அப்பா நல்லா இருக்கணும்."

தர்சினி கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"அவை உயிரோட இருக்கிறது எனக்குச் சந்தோசம் அம்மா. ஆனா உங்கட றோலர் வந்து எங்கட வலையை அறுத்துக்கொண்டு போனது. எங்கட ஊரில பாதிப் பேருக்கு வலை இல்ல. அப்பா தொழிலுக்குப் போய் ஒரு கிழமை. நீங்க தெரிஞ்சிருக்க வேணும் எண்டு சொல்லுறன்."

இன்ஸ்பெக்டர் ஒரு அடி முன்னால் வந்தார். நானும் இடையில் புகுந்து ஏதாவது இனிப்பாகச் சொல்ல வாயைத் திறந்தேன். நம் வேலையே அதுதானே, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மெத்தை போடுவது. ஆனால் வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் அது ஒன்று.

பின்னால் ஒருத்தி, "நம்ம படகா இருக்காது" என்று முணுமுணுத்தாள். பாக்கியம் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"நம்ம படகா இருக்காதுன்னு உனக்கு எப்புடித் தெரியும்? போனியா நீ?" என்றாள். பிறகு தர்சினியிடம், "அறுத்திருப்பாங்க தாயி. இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். எங்காளு வரட்டும். நான் கேக்குறேன்" என்றாள்.

தர்சினி தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், அழுதார்கள் என்று பிறகு ஊரில் கதை கட்டினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை.

போட்டி முடிந்தது. என் அணி ஊருக்குப் போனது. அணியை விட்டுப் பிரிந்திருந்ததற்காக என்னிடம் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். அந்த ஏழு பேரும் மாசி வாக்கில் விடுதலையாகித் திரும்பினார்கள். ராசு நொண்டிக்கொண்டே வந்தானாம். படகு வரவில்லை. அது அங்கேயே கிடந்து வீணாகிப்போனது.

அவர்கள் திரும்பி வந்து கொஞ்ச நாள் கழித்துப் பாக்கியம் எனக்குப் போன் செய்தாள். நலம் விசாரித்தாள், கலாவதியைப் பற்றிச் சொன்னாள். பிறகு, "டீச்சர், அந்தக் கோல் கீப்பர் புள்ளையோட நம்பர் உங்ககிட்ட இருக்கா?" என்றாள்.

"இருக்கு. எதுக்கு?"

"எங்காளுகிட்ட அந்த வலையப் பத்திக் கேட்டுட்டேன். அவகிட்டச் சொல்லணும்."

"என்ன சொன்னார் பாக்கியம்?"

"அத அவகிட்டதான் டீச்சர் சொல்லுவேன்."

நான் தர்சினிக்குச் செய்தி அனுப்பி, எண்ணைக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். பதில் வரும்வரை வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டேன். கடைசியில் வந்தது: 'குடுங்கோ அக்கா.'

எண்ணைப் பாக்கியத்துக்கு அனுப்பிவைத்தேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் பேசினார்கள் என்று மட்டும் கலாவதி சொன்னாள்.